பிரட்டுக்கு முந்திய இரவு

கைப்பேசியில் ஐந்து மணிக்கு அலாரம். நான்கு நாற்பதுக்கே கண் திறந்துகொள்கிறது. வெளியே செம்பனைக் காடு கருப்பாக நிற்கிறது. வெளிச்சம் வர ஏழு மணிக்கு மேல் ஆகும். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. நெஞ்சு மட்டும், யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனதுபோல் படபடவென்று அடிக்கிறது.

நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சுவாவில் குடியிருந்து, அந்த வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் போய்வரும் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், டீச்சர் என்றே அழைப்போம். கோவிட் காலத்துக்குப் பின் மார்ச்சுக்குப் போயிருந்த பள்ளித் தொடக்கம், 2025இல் பிப்ரவரிக்கு நகர்ந்து, 2026இல் மறுபடி ஜனவரிக்கு வந்து சேர்ந்தது. நெகிரி செம்பிலானில் முதல் நாள் ஜனவரி 12, திங்கட்கிழமை. அதற்கு முன் டீச்சருக்கு மூன்று வாரம் விடுமுறை. அதில் கடைசி வாரம் விடுமுறை போலவே இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

வியப்பு இதில்தான். பள்ளி தொடங்கி மூன்றாவது வாரத்தில் அவரைப் பார்த்தால் திருத்த வேண்டிய புத்தகங்கள் மேசை நிறைய இருக்கும். நாள் பாடத்திட்டம், மதிப்பீட்டுப் பதிவு, புறப்பாடம், கூட்டம் என்று வேலை மலையாக இருக்கும். ஆனால் நெஞ்சு அடிக்காது. வேலையே இல்லாத வாரத்தில் அடித்த நெஞ்சு, வேலை குவிந்த வாரத்தில் ஏன் அடங்கிப்போகிறது? இன்னும் நடக்காத ஒன்றுக்கு உடம்பு ஏன் முன்கூட்டியே கூலி கொடுக்கிறது?

பால்மரக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பிரட்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தொழிலாளர்கள் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். பெயர் கூப்பிடுவார்கள். இன்று பால்வெட்டா, புல் வேலையா, யாருக்கு எந்த நிரை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். துரை சொல்வது கிராணிக்கு வரும், கிராணி சொல்வது கங்காணிக்கு வரும், கங்காணி சொல்வது தொழிலாளிக்கு வரும். பொழுது விடியும்போது ஆளும் கத்தியும் வாளியும் தயாராக நிற்கும்.

நம் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு பிரட்டு நடக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், பாதாம்பருப்பு அளவில் ஹைபோதலமஸ் என்ற பகுதி இருக்கிறது. அதுதான் துரை. அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, கிராணி. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கங்காணி. துரையின் உத்தரவு ஒரு வேதிப்பொருளாகக் கிராணிக்கு இறங்குகிறது. கிராணி இன்னொரு வேதிப்பொருளை இரத்தத்தில் விடுகிறது. அது கங்காணியை எட்டியதும் கார்ட்டிசோல் என்ற இயக்குநீர் சுரந்து உடம்பெங்கும் பரவுகிறது. 'சர்க்கரையை இரத்தத்தில் இறக்கு, இரத்த அழுத்தத்தைத் தளரவிடாதே, பழுது பார்க்கும் வேலைகளை நாளைக்குத் தள்ளிவை' என்பது அதன் செய்தி. இந்த வழி மெதுவானது. நிமிடக் கணக்கில் நடக்கும். அவசரத்துக்கு வேறு வழியும் உண்டு. நரம்பு வழியாக அதே அட்ரினல் சுரப்பியைத் தட்டினால், அட்ரினலின் சில நொடிகளில் வந்துவிடும். நெஞ்சு படபடப்பது அந்த அவசர மணியின் ஓசை.

கார்ட்டிசோல் என்றாலே கெட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. அது இல்லாவிட்டால் காலையில் படுக்கையை விட்டு எழவே தெம்பு இருக்காது. நாள்தோறும் பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, கண்விழித்து அரைமணி முக்கால்மணிக்குள் உச்சம் தொட்டு, பிறகு இரவுவரை இறங்கிக்கொண்டே போவது அதன் வழக்கம். வேலை முடிந்ததும் கார்ட்டிசோலே மூளைக்குத் திரும்பிச் சென்று 'போதும்' என்று அறிக்கை கொடுக்கும். துரை உத்தரவை நிறுத்துவார். நல்ல ஏற்பாடுதான்.

அப்படியானால் பிரட்டுக்கு எத்தனை ஆளைக் கூப்பிடுவது என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்னும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்து, 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 15 பேரை ஆய்வகத்தில் தூங்கவைத்து, தூக்கம் கலையாமல் குழாய் வழியாக இரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் இரவு 'காலை ஆறு மணிக்கு எழுப்புவோம்' என்று சொல்லி அப்படியே எழுப்பினார்கள். இன்னோர் இரவு 'ஒன்பதுக்கு எழுப்புவோம்' என்று சொல்லிவிட்டு, ஏமாற்றி ஆறுக்கே எழுப்பினார்கள். ஆறு என்று சொல்லிவைத்த இரவில், விழிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கிராணியின் செய்தி, அதாவது பிட்யூட்டரி விடும் இயக்குநீர், இரத்தத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏமாற்றிய இரவில் அந்த ஏற்றம் இல்லை.

ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார், அறையில் கடிகார மணி அடிக்கவில்லை. ஆனாலும், படுக்குமுன் காதில் விழுந்த ஒரு நேரத்தை நம்பி, உள்ளே பிரட்டு கூடிவிட்டது. டீச்சர் நான்கு நாற்பதுக்கு விழித்ததன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. உடம்பு, ஆபத்து வந்தபின் ஓடிவரும் தீயணைப்பு வண்டி மட்டும் அல்ல. வரப்போவதைக் கணித்து, முன்னதாகவே சரக்கு இறக்கிவைக்கும் கடைக்காரரும்கூட. 'முன்னறிந்து சமன்செய்தல்' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். மன அழுத்தம் என்கிறோம்; ஆனால் அழுத்துவது எது, அழுந்துவது எது? 1936இல் மொன்றியால் நகரில் ஹான்ஸ் செல்யே எலிகளுக்குப் பலவகைத் துன்பங்கள் கொடுத்துப் பார்த்தார். ஊசி மருந்து எதுவானாலும், குளிரானாலும், காயமானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. பின்னாளில் இதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர் பொறியியலிலிருந்து வந்தது. தமிழ்ப் பொறியியல் நூல்களில் அதற்குத் தகைவு என்று பெயர். பாலத்தின்மேல் ஏறும் சுமையால் உள்ளே உண்டாகும் விசை தகைவு. அதனால் பாலம் வளைவது திரிபு. சுமை வேறு, வளைவு வேறு. ஒரே சுமைக்கு ஒரு பலகை வளையும், இன்னொன்று நிமிர்ந்தே நிற்கும். டீச்சரின் கதையில் சுமை எது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் வளைவைக் குறைக்க முடியும்.

வேலைதான் சுமை என்றால் மூன்றாவது வாரத்தில்தான் வளைய வேண்டும். ஆகவே வேலை மட்டும் காரணமில்லை.

2004இல் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 208 ஆய்வகச் சோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். எந்த மாதிரி வேலை கார்ட்டிசோலை அதிகம் ஏற்றுகிறது என்பது கேள்வி. கடினமான கணக்கு மட்டும் போதவில்லை. இரண்டு நிலைமைகள் சேர்ந்தபோது ஏற்றம் மிகப் பெரியதாக இருந்தது: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பது ஒன்று; நாம் என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை என்பது மற்றொன்று. பள்ளி முதல் நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது புதிய ஜோடிக் கண்கள், சன்னலுக்கு வெளியே நிற்கும் பெற்றோர், பின்னால் தலைமையாசிரியர். 'இந்த டீச்சர் எப்படி?' என்ற கேள்வி எல்லார் முகத்திலும்.

கண்கள் முதல் நாளுக்குக் காரணம் சொல்கின்றன. அதற்கு முந்திய வாரத்துக்கு என்ன காரணம்? அங்கே யாரும் பார்க்கவில்லையே. இதற்கு விடை சொல்ல ஒரு பாம்பு வேண்டும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆர்ச்சி டி பெர்க்கரும் உடனிருந்தவர்களும் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்காரவைத்தார்கள். திரையில் கற்கள் தோன்றும். இந்தக் கல்லுக்குக் கீழே பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால், ஊகம் சரியோ தவறோ, கையில் வலிக்கிற அளவு மின்னதிர்ச்சி விழும். எந்தக் கல்லில் பாம்பு அதிகம் என்பதை விளையாடி விளையாடித்தான் தெரிந்துகொள்ள முடியும். அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ஆய்வாளர்கள் அவர்களின் உள்ளங்கை வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள், எவ்வளவு பதற்றம் என்றும் கேட்டார்கள். 2016இல் வெளியான முடிவு இது: பாம்பு உறுதியாக இல்லை என்றபோது பதற்றம் குறைவு, அதில் புதுமையில்லை. பாம்பு உறுதியாக இருக்கிறது, அதிர்ச்சி விழத்தான் போகிறது என்றபோதும் பதற்றம் அவ்வளவு இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றபோதுதான் உச்சம்.

செம்பனை மட்டைக் குவியலைக் காலால் ஒதுக்கியவர்களுக்கு இது புதிதல்ல. படமெடுத்து எதிரே நிற்கும் பாம்பைப் பார்த்தால் என்ன செய்வது என்று தெரியும். குவியலுக்குள் ஏதோ அசைந்ததா இல்லையா என்ற நிலையில் கால் எடுக்கவும் வராது, வைக்கவும் வராது. பால்வெட்டுக் காலத்தில் மழையும் இப்படித்தான். கொட்டும் மழை என்றால் வெட்டு இல்லை, போர்த்திக்கொண்டு படுக்கலாம். வானம் வெளுத்திருந்தால் வாளியைத் தூக்கலாம். ஈர மரத்தில் வெட்டினால் பால் சிந்திப்போகும் என்பதால், தூறல் நாளில்தான் களத்திலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிற்பில் வரும் அலுப்பு வெட்டில் வராது.

உடம்பின் கணக்கும் அதுவே. உறுதியான துன்பத்துக்கு ஒரே ஒரு ஏற்பாடு போதும். இரண்டில் எதுவும் நடக்கலாம் என்றால் இரண்டுக்கும் ஆள் கூப்பிட வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பவும் முடியாது. இதற்கு முன்பே, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க்கில் ஜே வைஸ் எலிகளிடம் கண்டது இதோடு ஒத்துப்போகிறது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஒரு மணியோசை. மணி கேட்ட எலிக்கு வயிற்றுப்புண் மிகக் குறைவு. வலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மணி கேட்காத நேரமெல்லாம் இந்த எலிக்கு ஓய்வு நேரம். மற்ற எலிக்கு ஓய்வு நேரமே கிடையாது.

இப்போது டீச்சரின் கடைசி வாரத்துக்கு வருவோம். எந்த வகுப்பு என்று தெரியாது. தமிழோடு கணிதமும் தருவார்களா தெரியாது. கால அட்டவணை புலனத்தில் எப்போது வரும் என்பது தெரியாது. மாற்றலாகிப் போனவருக்குப் பதில் ஆள் வருமா தெரியாது. தோட்டத்துப் பள்ளிகளுக்கு இன்னொன்றும் உண்டு. 150க்குக் குறைவான மாணவர் உள்ள பள்ளியை மலேசியக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதும் உண்டு. தோட்டத்து மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்ட இடங்களில், முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது முதல் நாள் காலைவரை எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். ஒவ்வொன்றும் ஒரு கல். ஒவ்வொரு கல்லுக்கடியிலும் பாதிக்குப் பாதி பாம்பு. மூன்றாவது வாரத்தில் எல்லாக் கற்களையும் புரட்டியாயிற்று. சிலவற்றில் பாம்பு இருக்கவே செய்தது. ஆனால் எங்கே என்று தெரிந்துபோயிற்று. நெஞ்சு அடங்கியதற்குக் காரணம் இதுதான்.

கல் பள்ளியில் இருந்தாலும், மனம் அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறது. நெதர்லாந்தில் யோஸ் பிராஸ்கோட் குழுவினர் 73 ஆசிரியர்களின் உடலில் நான்கு நாட்கள் இதயத்துடிப்புக் கருவியைக் கட்டிவிட்டு, எப்போது கவலைப்பட்டார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். தொல்லை எதுவும் நடக்காமல் வெறுமனே கவலைப்பட்ட நேரங்களிலும் இதயம் வேகமாகத் துடித்தது. கவலை ஓய்ந்த பின்னும் அதன் தடம் இரண்டு மணி நேரம்வரை நீடித்தது. 'சும்மா யோசித்துக்கொண்டுதானே இருக்கிறாய்' என்று வீட்டில் சொல்வார்கள். இதயத்துக்கு அது சும்மா இல்லை.

பிறகு வற்றுதல். வேலையால் ஆண்டுக்கணக்கில் களைத்து, எதிலும் ஒட்டாமல் போகும் நிலையை ஆங்கிலத்தில் எரிந்து அணைவதாகச் சொல்கிறார்கள். பால்மரம் பார்த்த நமக்கு வற்றுதல் பொருத்தமான சொல். அளவுக்கு மீறி வெட்டிய மரம் ஒரு கட்டத்தில் கத்தி பட்டாலும் பால் விடாது; பட்டை மட்டும் இருக்கும். யென்ஸ் புரூஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் 66 ஆசிரியர்களைக் காலையில் எழுந்ததும் எச்சில் துப்பித் தரச் சொல்லிக் கார்ட்டிசோலை அளந்தார்கள். ஒருநாள் முன்னிரவில், 'கார்ட்டிசோல் ஏற்கெனவே போதும்' என்று மூளையை நம்பவைக்கும் மாத்திரை ஒன்றையும் கொடுத்தார்கள். நெருக்கடியை அதிகம் உணர்ந்த ஆசிரியர்களிடம் அந்தப் போலி அறிக்கைக்குப் பிறகும் காலை ஏற்றம் கூடுதலாக இருந்தது. துரை 'போதும்' என்பதைக் கேட்கவில்லை. வற்றிப்போனதாகச் சொன்னவர்களிடம் நேர்மாறாக, எல்லா நாளும் கார்ட்டிசோல் குறைவாகவே இருந்தது. பதறுவதும் வற்றுவதும் ஒரே நோயின் கூடுதல் குறைவு அல்ல என்று இது காட்டுகிறது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடை தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வற்றுதலைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை.

விடுமுறை மருந்தாகாதா? ஆகும், கொஞ்ச நாளைக்கு. யானா கூனெலும் சபீனே சொன்னன்டாக்கும் ஜெர்மன் ஆசிரியர்கள் 131 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பியபோது வற்றுதல் குறைந்து ஊக்கம் கூடியிருந்தது; ஒரு மாதத்துக்குள் அந்தப் பலன் கரைந்துவிட்டது. மாலைகளில் வேலையிலிருந்து விலகி ஓய்வெடுத்தவர்களிடம் பலன் சற்று மெதுவாகக் கரைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதன் இரகசியம் இதேதான். பதினோரு மாதம் விடாமல் வெட்டிவிட்டு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் மரம் தாங்காது. இடைவெளி அடிக்கடி வர வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு டீச்சர் என்ன செய்யலாம்? முதலில், புரட்ட முடிந்த கற்களைப் புரட்டலாம். பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் போய் வகுப்பறையைத் திறந்து, மேசைகளை எண்ணி, பழுதான விசிறியைப் பார்த்துவிட்டு வரலாம். போன ஆண்டு அந்த வகுப்பை எடுத்தவரிடம் அரைமணி நேரம் பேசலாம். வேலை குறையாது, 'பாதிக்குப் பாதி' என்ற அந்த நிலை குறையும்.

இரண்டாவது, படுக்குமுன் எழுதிவைப்பது. 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் குழு, 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்குமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னது. பாதிப் பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். 'பாடத்திட்டம்' என்று எழுதினால் கவலை அப்படியே நிற்கும். 'செவ்வாய் மாலை, இரண்டாம் ஆண்டு கணிதம், முதல் வாரம்' என்று எழுதினால் மூளை அதை ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுகிறது.

மூன்றாவது, மூச்சு. இதை இப்போதே சோதிக்கலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று விரையும். நீளமாக விடுங்கள், சற்றுத் தணியும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குப் போடும் பிடி, மூச்சு வெளியேறும்போது இறுகுகிறது. அவசர மணியை நம் விருப்பப்படி நிறுத்த முடியாது. ஆனால் மூச்சை நீட்டி விட்டால் அதன் ஓசை கொஞ்சம் தணியும்.

இந்த மூன்றும் டீச்சர் கையில் உள்ளவை. கால அட்டவணை அவர் கையில் இல்லை. எந்த வகுப்பு, என்ன பாடம் என்பதை ஒரு வாரம் முன்னதாகச் சொல்வது தலைமையாசிரியராலும் கல்வி இலாகாவாலும் முடிகிற காரியம், செலவும் இல்லை. ஆசிரியர்களை மண்டபத்தில் உட்காரவைத்து மன அழுத்தம் பற்றிப் பட்டறை நடத்துவதைவிட, வகுப்புப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுவது கூடுதல் பலன் தரும் என்று பாம்புக் கதை படித்த எவரும் ஊகிக்கலாம். முடிவு தெரியவில்லை என்றால் 'வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சொல்வோம்' என்று சொன்னாலும் போதும். அதுவும் ஒரு மணியோசைதான்.

ஜனவரி 12, காலை ஐந்து மணி. அலாரம் அடிக்கிறது. டீச்சர் ஏற்கெனவே குளித்துவிட்டார். உள்ளே பிரட்டு கூடிவிட்டது. கூடட்டும், இன்று ஆள் வேண்டிய நாள். ஏழரை மணிக்கு முதலாம் ஆண்டு வகுப்பில் புதுச் சப்பாத்தும் பெரிய புத்தகப்பையுமாக ஏழு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் அழுகிறான்; ஒருத்தி சன்னலுக்கு வெளியே அம்மா நிற்கிறாரா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். இவர்கள் முன்னாலும் கற்கள் கிடக்கின்றன: சாப்பாடு எப்போது, கழிவறை எங்கே, அம்மா எப்போது வருவார்.

டீச்சர் பெயர் கூப்பிடத் தொடங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், வெண்பலகையில் வரிசையாகப் படம் வரைகிறார். ஒரு புத்தகம், ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு பந்து, கடைசியில் ஒரு வீடு. "சாப்பிட்டு, விளையாடி, அப்புறம் அம்மா வந்துருவாங்க" என்று விரல் வைத்துக் காட்டுகிறார். அழுத பையன் படங்களை எண்ணிப் பார்க்கிறான். நான்கு. அழுகை நிற்கவில்லை, ஆனால் சத்தம் குறைகிறது.